கடலை இலைக்கு எடை போடும் பிள்ளைகள்

விழுப்புரத்திலிருந்து சென்னை சாலையில் போனால் திண்டிவனம். நாம் விதைக்கும் டி.எம்.வி. கடலை, எள் ரகங்களின் பெயரில் இருப்பது இந்த ஊர்தான். இங்குள்ள எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் அவை.

பக்கத்து ஊர் மானாவாரிக் கொல்லையில், உச்சி வெயிலில் வேளாண் மாணவிகள் இருவர் கடலை இலை பறித்துக்கொண்டிருந்தார்கள். பறித்ததும் ஓர் எடை. 4 மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு ஓர் எடை. உலர்த்தி ஓர் எடை. 2 கிராம் இலை ஊறி 2.5 கிராமாகி, காய்ந்து அரை கிராமானால், அது கொள்ளக்கூடிய நீரில் 75 சதவிகிதம்தான் இருந்தது என்று கணக்கு.

"பறிச்சதும் பையில மூடலைன்னா எடை போடுறதுக்குள்ள வாடிடும், அய்யா" என்றார் ஒரு மாணவி.

கொல்லைக்கார அம்மாவின் கவலை வேறு. "விழுது இறங்குற நேரம், மண்ணு இறுகிக் கெடக்கே, பாப்பா?"

"ஒரு தண்ணியாவது வேணும்மா. மண்ணு இளகலைன்னா விழுது உள்ள போகாது."

அன்று மாலையே பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் தண்ணீர் கேட்கப் போனார் அந்த அம்மா.