மாண்டவிக் கரையில் ஒரு பழம் படகு

கட்ச் சீமையில் பணிபுரியும் நம்மவர் பலர் விடுமுறையில் மாண்டவிக்குச் செல்வதுண்டு. நாமும் ரயில்வே அலுவலக நண்பர்கள் நால்வர் குடும்பத்துடன் சென்று வந்தோம். புஜ் நகரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் பேருந்துப் பயணம். கடற்கரையையும் விஜய விலாச அரண்மனையையும் பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். ஆயின், ருக்மாவதி ஆற்றங்கரையில் அரைநாள் நின்றவரே மாண்டவியைக் கண்டவர் என்போம்.

16ஆம் நூற்றாண்டில் கட்ச் மன்னர் முதலாம் கெங்கார்ஜி நிறுவிய துறைமுகம் இது. இங்கிருந்து பாய்க்கப்பல்கள் அரேபியாவுக்கும் ஆப்பிரிக்காவின் கீழைக்கரைக்கும் சென்று வந்தன. இன்றும் ஆற்றங்கரையில் மரக்கலங்கள் கட்டப்படுகின்றன. ஆனால் அவை இயந்திரத்தால் ஓடுபவை. அவற்றின் நெடிய விலாக்களுக்கு நடுவே நம் கண்ணைக் கவர்ந்தது ஒரு சிறு பாய்ப்படகு.

அதன் உரிமையாளர் கார்வா மரபினர், எழுபதைக் கடந்தவர். மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான். படகை விற்றால் விறகு விலைதான் கிடைக்கும். “துணையின்றி இதனை எவ்வாறு பேணுகிறீர்கள், காகா?” என்று வினவினோம். “பாதி வேலையைக் கடல் செய்துவிடுகிறது” என்று அவர் சிரித்தார்.

கடல் ஏறும்போது படகை மணல்மேட்டில் நிறுத்துகிறார். நீர் வற்றியதும் அடிப்பாகம் தானே வெளிப்படுகிறது. இழுக்க ஆள் வேண்டியதில்லை. பாசியையும் கொட்டலசையும் ஈரம் உலருமுன் சுரண்டிவிடுகிறார். இன்று ஒரு பக்கம், நாளை மறுபக்கம். மரத்தைத் துளைக்கும் கடற்புழு நன்னீரிலும், நன்கு உலர்ந்த பலகையிலும் பிழைப்பதில்லை. ஆகவே மழைக்காலத்திற்குமுன் படகைக் கரையேற்றிக் காயவிடுகிறார். பின்னர் நீர்மட்டத்திற்குக் கீழே சுண்ணாம்பும் கொழுப்பும் குழைத்த பூச்சு, மேலே மீனெண்ணெய்.

பலகை இடுக்குகளில் எண்ணெயில் தோய்த்த பஞ்சுத்திரியை உளிகொண்டு திணிப்பதை நம் தென்கரையில் கலப்பத்து என்பர். அதையும் அவர் முழுப்படகுக்கும் செய்வதில்லை. உலர்ந்த மரம் சுருங்கும். நீரில் இறங்கியபின் ஊறிப் பருத்து இடுக்குகளைத் தானே அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு இறுகத் திணித்தால் பருக்கும் பலகை நெரிபடும். எனவே இரண்டொரு நாள் மிதக்கவிட்டு, பின்னும் கசியும் இடத்தில் மட்டும் கரியால் கோடிட்டு, அடுத்த வற்றத்தில் அங்கே மட்டும் திரி வைக்கிறார். பாயை நன்னீரில் அலசி, ஈரமறக் காய்ந்தபின்னரே சுருட்டுகிறார்.

இவற்றுள் எதுவும் ஒரு முதியவரின் வலிமைக்கு மிஞ்சியதன்று. பருவம் தவறாமையே தேவை. ஆவணி முழுமதியன்று கடலுக்குத் தேங்காய் இட்டு மீண்டும் பாய் விரிப்பாராம். மகன் திரும்பும்போது படகு மிதக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டு வந்திருக்கும் நமக்கும் இதில் பாடமுண்டு: ஆண்டுக்கொருமுறை ஓடு மாற்றினால், பின்னாளில் கூரையையே மாற்ற நேராது.

மாண்டவி செல்லும் அன்பர்கள் நீர் வற்றும் நேரத்தை விசாரித்துக்கொண்டு செல்வார்களாக.