ஓரெழுத்தின் விசாலம்

தஞ்சை ஜில்லாவிலுள்ள எங்கள் கிராமத்துத் திண்ணையில், சென்ற வாரம் பெரியப்பா பழைய கிரயப் பத்திரத்தைப் பிரித்து, “மொத்தம் மூணு மாப்பா” என்று வாசித்துக் காட்ட, கொல்லையில் மாமரம் காற்றில் அசைய, அடுக்களையில் பெரியம்மா மாவு சலிக்கும் ஓசையும் உடன் எழவே, ஓரெழுத்துக்குள் எத்தனை அர்த்தங்கள் குடியிருக்கின்றன என்று மனம் ஆச்சரியத்தில் ஆழ்ந்தது. நில அளவையில் இருபது மா ஒரு வேலி. பின்ன வாய்பாட்டிலும் மா என்றால் 1/20.

வங்காளிக்கு அதுவே தாய், இத்தாலியருக்கு ‘ஆனால்’, ஹங்கேரியருக்கு ‘இன்று’. தெலுங்கிலோ, கேட்பவரை விலக்கிச் சொல்லும் ‘எங்கள்’. இந்த நுட்பத்தை நம் பாஷையும் காப்பாற்றி வருவது எனக்குப் பெருமையே. சீன மொழியில், குரலைச் சமமாக நீட்டினால் அன்னை, மேலேற்றினால் சணல், தாழ்த்தி உயர்த்தினால் குதிரை, சட்டென இறக்கினால் வசவு என்று, சப்தம் ஒன்றாயிருக்க ஸ்வரமே அர்த்தத்தை நிர்ணயிக்கிறது. ஆயினும் என்னை அதிகம் கவர்ந்தது ஜப்பானியரின் பிரயோகம்: இரு பொருள்களுக்கு நடுவிலுள்ள வெளியையும், இரு ஒலிகளுக்கு இடையிலுள்ள மௌனத்தையும் அவர்கள் ‘மா’ என்கிறார்கள்.

பத்திரத்தில் தம் தகப்பனாரின் கையெழுத்து வந்த இடத்தில் பெரியப்பா விரலை வைத்து, வெகுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார்.