தூரத்தின் கணக்கு

இரு நகரங்களுக்கிடையே தூரம் யாது என ஒருவர் வினவினால், எந்தத் தூரம் எனத் திருப்பி வினவுவதே முறையாகும். திருகோணமலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 180 கிலோமீற்றர். ஹொரவப்பொத்தானை, வவுனியா ஊடாகச் செல்லும் தரைவழியோ 240 கிலோமீற்றரை அண்மிக்கும். மணிக்கு 300 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கும் சிறு விமானமொன்று சீனன்குடாவிலிருந்து எழுந்து பலாலியில் இறங்குவதற்கு முக்கால் மணி நேரம் போதும்.

திருகோணமலை உட்துறைமுக வீதிக்கு அண்மையில் வாழ்ந்த முதியவர் ஒருவர் இக்கணக்கை நூலால் அளந்து வைத்திருந்தார். துறைமுகத்திலே கப்பல்களைக் கயிறிட்டுக் கட்டும் தொழிலில் முதுமை எய்தியவர் அவர். ஒரே மகளை யாழ்ப்பாணத்தில் மணஞ்செய்து கொடுத்தபின், பழைய பாடசாலைத் தேசப்படப் புத்தகத்தை விரித்து, நேராக ஒரு நூலும் வீதியின் வளைவுகளுக்கேற்ப மற்றொரு நூலும் வைத்து அளந்து வெட்டினார். “இது பறவைக்கு, இது பஸ்ஸுக்கு” என்பார். 2002 ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டதும், சோதனை நிலையங்களைக் கடந்தாயினும், காலையிற் புறப்பட்ட மகள் இருள்வதற்குள் வீடு சேர்ந்தாள். நீண்ட நூலின் கணக்குப் பிழைக்கவில்லை.

2006 ஒகஸ்டில் முகமாலையிற் போர் மூண்டது, வீதி மூடப்பட்டது. குடாநாட்டிலிருந்து வெளியேற வானும் கடலுமே எஞ்சின. விமானத்தில் ஏறியவர் கொழும்புக்குச் சென்று, அங்கிருந்து தீவின் அகலத்தைக் கடந்தே திருகோணமலையை அடையலாம். காங்கேசன்துறையிலிருந்து கப்பல் நேரே வந்தது. எவ்வழியாயினும் முதலில் அனுமதி வேண்டும். பின்னர் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

அவ்வாண்டின் இறுதியில் முதியவர் காலமானார். செய்தி தொலைபேசியிற் சில நொடிகளிற் சென்றது. “அப்பாவை வைச்சிருக்கேலாது பிள்ளை. கிடைக்கேக்க வா” என்றார் தாய். மகள் வந்து சேர்ந்தது பதினாறாம் நாள். எட்டுச் செலவும் முடிந்திருந்தது. தந்தை எத்தனையோ கப்பல்களைக் கட்டிய அதே துறைமுகத்திலேதான் அவள் வந்து இறங்கினாள். அங்கிருந்து வீடு அதிக தூரமில்லை. அச்சிறு தூரத்தை அவள் நின்று நின்றே கடந்தாள்.

வாகனங்களின் வேகம் கூடக்கூட உலகம் சுருங்குகின்றது என்பது பொதுவான கூற்று. பயணம் செய்பவர் தாம் விரும்பிய வேளையிற் புறப்படலாம் என்னும் நிபந்தனை அக்கூற்றினுள் மறைந்திருக்கிறது. அந்நிபந்தனை இல்லாதவிடத்து முக்கால் மணி நேரப் பறப்பும் அரை மாதப் பயணமாகிவிடும். அரை மாதத்திற் பெரும்பகுதி ஓரிடத்தில் அசையாது இருந்தே கழிகின்றது என்பதும் அப்பயணத்தின் இயல்பே.

போர் 2009இல் முடிந்தது. இன்று யாழ்ப்பாணத்துப் பஸ்ஸில் ஏறினால் அன்றே போய்ச் சேரலாம். தாய்க்கு முதுமை கூடியமையால் மகளும் பேர்த்தியுமே விடுமுறைகளில் வந்து போகின்றனர். சென்ற முறை வந்த பேர்த்தி தேசப்படப் புத்தகத்தைத் திறந்தபோது, இரு நூல்களும் இலங்கைப் படத்தின் மேல் மடிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் எதற்கென அவள் கேட்டறிந்தாள்.

“அம்மா கப்பலில வந்ததுக்கு நூல் எங்க, அம்மம்மா?”

“அதுக்கு நூல் காணாது, மோனை.”