ஓரக்கோட்டில் நின்றவர்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு ரக்பி என்றால் ஒன்றுதான். பிரிட்டனில் அது இரண்டு. ஆட்டத்திற்காக இழந்த வேலைநேரத்துக்குக் கூலி கொடுக்கலாமா என்ற தகராறில், 1895-ல் வட இங்கிலாந்தின் கிளப்புகள் பிரிந்துபோய் உருவாக்கியதே ரக்பி லீக். சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களின் ஆட்டம் அது. அங்கே பணம் வாங்கி ஆடப் போனவருக்கு ரக்பி யூனியனின் கதவு நூறாண்டுகள் அடைத்தே கிடந்தது. பில்லி பாஸ்டனைப் பற்றி எழுதுமுன் இந்தக் கூலிக் கணக்கைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. நிறக் கணக்கு பின்னால் வருகிறது.

1934-ல் கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பே பகுதியில் பிறந்தவர். தந்தை சியரா லியோனிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. தாய் ஐரிஷ் வழியினர். கார்டிஃப் கிளப்புக்கும் வேல்ஸுக்கும் ஆடுவதே அவர் கனவு. கார்டிஃப் அழைக்கவில்லை. 1953-ல் விகன் கிளப்பின் ஆட்கள் வீடு தேடி வந்தார்கள். அவர்களைத் துரத்துவதற்காகவே தாய் மூவாயிரம் பவுண்டு கேட்டாராம். அவர்கள் சரியென்றுவிட்டார்கள்.

விங்கர் என்பவர் பக்கக்கோட்டை ஒட்டி நின்று, உள்ளிருந்து கைமாறி வரும் பந்துக்காகக் காத்திருப்பவர். பந்து வந்தபின் ஒருபுறம் கோடு, மறுபுறம் எதிராளிகள். எல்லைக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்தால் அது ஒரு டிரை. பாஸ்டன் தொடக்கத்தில் வேகக்காரர். உடல் பெருத்த பிறகு விலகி ஓடியதோடு இடித்துத் தள்ளியும் ஓடினார். விகனுக்காக 488 ஆட்டங்களில் 478 டிரைகள், மொத்தத்தில் 571. பிரிட்டனின் லீக் ஆட்டத்தில் அவரை விஞ்சியவர் ஆஸ்திரேலியரான பிரையன் பெவன் ஒருவரே. எண்களில் நமக்கு மோகமில்லை என்றாலும் இவற்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை.

விகனின் முதல் அணிக்குச் சில ஆட்டங்களே ஆடியிருந்த நிலையில், பத்தொன்பது வயதில், 1954-ன் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பயணத்துக்குத் தேர்வானார். பிரிட்டனின் லீக் அணியோடு அப்படிப் பயணம் சென்ற வெள்ளையரல்லாத முதல் ஆட்டக்காரர் அவர்தான். 18 ஆட்டங்களில் 36 டிரைகளோடு திரும்பினார்.

நம்மை உறுத்துவது 1957. ஆஸ்திரேலியாவில் உலகக் கோப்பை முடிந்தபின், ஊர் திரும்பும் வழியில் தென்னாப்பிரிக்காவில் சில காட்சி ஆட்டங்கள் ஏற்பாடாகியிருந்தன. அங்கே இனவொதுக்கல் ஆட்சி. அணி அங்கே இறங்கி ஆடியது. பாஸ்டன் தனியே வீடு திரும்பினார். அன்றைய வழக்கம் அது என்று சமாதானம் சொல்வார்கள். உழைப்பாளியின் கூலிக்காகத் தாய்ச்சங்கத்தையே முறித்துக்கொண்டு வந்த ஆட்டம், தன் சகஆட்டக்காரர் ஒருவருக்காகச் சில காட்சி ஆட்டங்களை விட்டுக்கொடுத்திருக்கலாம். அதில் பெரிய நஷ்டம் எதுவும் இருந்திருக்காது. இதை இன்று உட்கார்ந்து எழுதுவது நமக்கு எளிது என்பதும் தெரிகிறது.

பாஸ்டன் விகனிலேயே தங்கிவிட்டார். கிளப்பின் பழைய மைதானத்துக்கு அருகில் மதுவிடுதி நடத்தினார். 2016-ல் அவ்வூர் அவருக்குச் சிலை வைத்தது. 2023-ல் கார்டிஃபும் வைத்தது. அங்கே உடன் நிற்பவர்கள் கிளைவ் சல்லிவன், கஸ் ரிஸ்மன். மூவருமே அவ்வூரை விட்டு வடக்கே போய் ஆடியவர்கள்.

2025 ஜூனில் 'சர்' பட்டம் வந்தது. 130 ஆண்டுகளில் ரக்பி லீக் ஆட்டக்காரர் ஒருவருக்குக் கிடைத்த முதல் பட்டம். அப்போது அவருக்கு வயது தொண்ணூறு. மறதிநோய் ஏற்கெனவே பற்றியிருந்தது.