வெங்காயப் பட்டறையில் ஒரு ஹெரால்டு

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் பெருஞ்சாலையில், பெரம்பலூருக்குச் சற்றுத் தெற்கே, ஆலத்தூர் கேட் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே மேற்கே திரும்பிச் சில மைல் போனால் செட்டிகுளம். இவ்வூருக்கு வருகிறவர்களில் சிலர் ஏகாம்பரேசுவரரைத் தரிசிக்க வருவார்கள். சிலர் குன்றின் மேல் தண்டத்துக்குப் பதிலாகக் கரும்பை ஏந்தி நிற்கும் தண்டாயுதபாணியைத் தரிசிக்க வருவார்கள். மற்றவர்கள் சின்ன வெங்காயம் வாங்க வருவார்கள். நாலாவதாக ஒரு காரியத்தை உத்தேசித்து, சில வருஷங்களுக்கு முன் ஒரு கனவான் எங்கள் வீடு தேடி வந்தார். அவருக்கு வேண்டியிருந்தது என் பெரியப்பாவின் பழைய மோட்டார் வண்டி.

வண்டி பட்டறையில் இருந்தது. பட்டறை என்றதும் வாசகர்கள் உலைக்களத்தையோ சம்மட்டியையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் பக்கத்தில் பட்டறை என்றால் வெங்காயம் சேமித்து வைக்கும் கொட்டகை. ஈரம் ஏறாமல் தரைக்கு மேல் தூக்கிக் கட்டி, நாற்புறமும் காற்று நுழையும்படி விட்டு, மேலே கூரை வேய்ந்திருப்பார்கள். எங்கள் பட்டறையின் தாழ்வாரத்தில், சாக்குக் குவியலுக்கும் உடைந்த ஏர்க்காலுக்கும் நடுவே, கால் நூற்றாண்டுக்கு மேல் யோகநித்திரையில் ஆழ்ந்திருந்தது அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெரியப்பா அதை 1966-ல் வாங்கினார்.

வந்த கனவான் சொன்ன சமாசாரம் விசித்திரமானது. அவருக்கு ஹெரால்டின் மேல் ஆசை ஒன்றுமில்லை. அவரிடம் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற சீமைப் பந்தய மோட்டார் ஒன்று இருந்தது. அதைச் செப்பனிட எங்கள் வண்டியின் உறுப்புகள் வேண்டுமாம்!

இதைக் கேட்டபோது எனக்கு நம்பிக்கை உண்டாகவில்லை. விசாரித்ததில் உண்மை என்று தெரிந்தது. இங்கிலாந்தில் கோவென்டிரி நகரத்து ஸ்டாண்டர்டு டிரயம்ப் கம்பெனியார் 1959-ல் ஹெரால்டை வெளியிட்டார்கள். அதற்கு உருவம் வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். அடியில் தனிச் சட்டம். அதன்மேல் தனித்தனித் துண்டுகளாக மரைபோட்டு முடுக்கிய மேற்கூடு. 1962-ல் அதே சட்டத்தின் அமைப்பைக் குறுக்கி, அதே முன்சக்கரத் தொங்கலைப் பூட்டி, அதே மிக்கெலோட்டியைக்கொண்டு இரண்டு பேர் அமரும் திறந்த வண்டியாக வரைந்தபோது பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர். யுத்த காலத்து ஆகாய விமானத்தின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். 1965-ல் பிரான்சில் லெமான் பந்தயத்தில் அது தன் வகுப்பில் முதலாவதாக வந்தது. ஆகவே சாக்குமூட்டைக்குள் கிடந்த எங்கள் வண்டி, உலகப் புகழ் பெற்ற ஒரு பந்தயக் குதிரைக்கு அண்ணன் முறை!

ஆனால் இந்த அண்ணன் பிறந்தது கோவென்டிரியில் அல்ல. சென்னைக்கு அருகே வண்டலூரில். ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற ஸ்தாபனம் 1961 முதல் அங்கே ஹெரால்டைத் தயாரித்தது. முதலில் சீமையிலிருந்து வந்த உறுப்புகள் பல இருந்தன. வரவர அவை குறைந்து நம் நாட்டு உறுப்புகள் பெருகின. 1968-ல் வண்டலூர்க்காரர்கள் நாலு கதவு வைத்த ஹெரால்டையே செய்தார்கள். அப்படிப்பட்ட வண்டி இங்கிலாந்தில் ஒருபோதும் செய்யப்படவில்லை. அந்நாளில் நம் தேசத்துச் சாலைகளில் அம்பாஸடர், பியட், ஹெரால்டு என்று மூன்றே பெயர்கள்தாம் பெரும்பாலும் காதில் விழும்.

கனவான் கொடுப்பதாகச் சொன்ன தொகையில் கிணற்றுக்குப் புது மோட்டார் வாங்கிப் போடலாம். அந்த வருஷம் வெங்காய விலை சரிந்திருந்தது. பெரியப்பா, "உங்கள் இஷ்டம், தம்பி" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். எண்பது கடந்தவருடைய அந்த மூன்று வார்த்தைகளை எப்படிப் பொருள் கொள்வது? முடிவு சொன்னவள் என் மனைவிதான்: "வண்டி ஓடுமானால் பெரிய மாமாவும் நாமும் குழந்தைகளும் ஏறிப் போக வேண்டும். துணி போட்டு மூடிவைத்து அழகு பார்ப்பதற்கு என்றால் இப்போதே கொடுத்து அனுப்பிவிடுங்கள்."

வேலை இரண்டு வருஷம் பிடித்தது. பள்ளிக்கூடத்து விடுமுறை நாட்கள்தாம் எங்கள் மூலதனம். ஹெரால்டில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. முன்பக்கத்து மூடியும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே துண்டாக, முதலை வாயைப் பிளப்பதுபோல், முன்னோக்கித் திறந்துகொள்ளும். உள்ளே எஞ்சின் முழுவதும் கண்ணெதிரே நிற்கும். என் மகள் முன்சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டே ஸ்பானர் பிடிப்பாள்! எஞ்சின் 948 கன சென்டிமீட்டர். இன்றைய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் இதைவிடப் பெரிய எஞ்சின் இருக்கிறது.

துருவே பிரதான சத்துரு. ஆசனத்தின் கீழுள்ள தகடு சல்லடையாகியிருந்தது. டிங்கர் வேலைக்காரர் அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். கிடைக்காத புஷ்களைப் பழைய மாதிரியை வைத்து லேத்தில் கடைந்து கொடுத்தவர், நாள்தோறும் பம்புசெட்டு வேலை பார்க்கும் மிஸ்திரி. அவருக்கு ஆங்கிலக் கையேடு தேவைப்படவில்லை. இவ்வகை வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு யோசனை: இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள்; பழைய ரப்பர்க் குழாய்களை அது அரித்துவிடும். கார்புரேட்டரைத் தொடுமுன் குழாய்களை மாற்றிவிடுங்கள்.

ஐம்பது வயது கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டி என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் சர்க்கார் விதி ஏற்படுத்தியது. கௌரவமான ஏற்பாடுதான். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்ற காரியங்களுக்கு மட்டுமே வெளியே எடுக்கலாம். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதி திங்களும் வெள்ளியும் திறந்திருக்கும். அந்த நாட்களில் குடும்பத்தோடு போய் வர வேண்டும் என்பவர்களுக்கு அது உதவாது. நாங்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டோம். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பரீட்சை. பரீட்சை வைப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

முதல் நீண்ட பிரயாணம் சாத்தனூருக்கு. செட்டிகுளத்தின் வீதியில் வண்டியைத் திருப்பியபோதே பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் ஹெரால்டு திரும்பிவிடும். தேர் திரும்பச் சிரமப்படும் முனையில் இது நாய்க்குட்டிபோல் வளைந்தது. பெருஞ்சாலையில் எல்லா வண்டிகளும் எங்களைத் தாண்டிப் போயின. தாண்டும்போது வேகம் குறைத்து, சன்னல் வழியே கையசைத்துவிட்டுப் போனார்கள். வளைவுகளில் மட்டும் நான் நிதானித்தேன். ஹெரால்டின் பின்சக்கரங்கள், வேகத்தில் திரும்பினால் உட்பக்கம் மடங்கப் பார்க்கும் சுபாவமுடையவை. அந்தச் சுபாவம் பந்தயத் தம்பிக்கும் உண்டு. பின் ஆசனத்திலிருந்து பெரியப்பா, "இரண்டாவது கியர் போடு, தம்பி" என்று ஒவ்வொரு வளைவிலும் உத்தரவிட்டுக்கொண்டிருந்தார்.

சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று ஓடைக்கரையில் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டருக்கு மேல். வயது சுமார் 12 கோடி வருஷம் என்கிறார்கள். இந்தப் பக்கமெல்லாம் கடலாயிருந்த காலத்தில் அதில் வந்து புதைந்தது. புவியியல் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் இதை உலகுக்கு அறிவித்தார். பெரியப்பா கைத்தடியை ஊன்றி அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாத்தா, நம் வண்டியைவிட இது பழசு!" என்றான் என் மகன்.

"ஆமாம். இதற்கு எந்த லேத்திலும் சாமான் கடைய முடியாது" என்றார் அவர். பிறகு வண்டியிடம் போய், முன்மூடியைத் தாமே திறந்து, ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தார்.