சீசன் டிக்கெட்டா, சில்லறை டிக்கெட்டா?

புதுக்கோட்டை ரயில்வே ஸ்டேஷனில் காலை வேளையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். யாரிடம் சீசன் டிக்கெட், யாரிடம் சாதா டிக்கெட் என்று ஜோசியம் தெரியாமலே சொல்லிவிடலாம். சாதா டிக்கெட்காரர் ரயில் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பார். சீசன்காரர் ரயிலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். பேப்பரில் மூழ்கியிருப்பார். வண்டி நின்றதும் நிமிர்ந்தால், அவர் மூக்குக்கு நேரே வாசற்படி இருக்கும்.

இந்த ஊருக்கும் ரயிலுக்கும் ஒரு வேடிக்கையான கணக்கு உண்டு. புதுக்கோட்டை ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் மோலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்மணியைக் கல்யாணம் செய்துகொண்டார். பிறகு வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார். 1928-இல் பாரிஸில் காலமானார். ஐரோப்பா ரயில்களையெல்லாம் பார்த்த மனிதர். அவருடைய சொந்த ஊருக்குத் திருச்சியிலிருந்து ரயில் வந்தது மறுவருஷம், 1929-இல்!

இப்போது ராஜாவும் இல்லை, சமஸ்தானமும் இல்லை. ரயில் இருக்கிறது. திருச்சிக்கு சுமார் 53 கிலோமீட்டர். அந்தப் பக்கம் காரைக்குடிக்கு சுமார் 36. இந்த தூரத்தில் தினமும் போய் வருகிற உத்தியோகஸ்தர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். மொத்தமாக எடுப்பதா, அன்றன்றைக்கு எடுப்பதா?

பி.காம். படித்தவன் என்பதால் உறவுக்காரர்கள் இந்த மாதிரிக் கேள்விகளை என்னிடம்தான் தள்ளுவார்கள். (இன்கம்டாக்ஸ், சீட்டுப் பணம், கல்யாண மண்டப அட்வான்ஸ் ஆகியவையும் இதில் அடக்கம்.) எனவே கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

மாத சீசன் டிக்கெட்டின் விலை, தோராயமாக 15 ஒரு வழி டிக்கெட்டின் விலை. போக வர என்றால் ஏழரை நாள் பயணம். எட்டாவது நாளிலிருந்து நீங்கள் ரயில்வேயின் விருந்தாளி. 2014 ஜூனில் இதை 30 டிக்கெட் விலைக்கு ஏற்றப்போவதாக அறிவித்தார்கள். நாடு முழுவதும் சீசன்காரர்கள் போட்ட சத்தத்தில், சில நாளிலேயே பழையபடி 15-க்கு இறங்கி வந்தார்கள்.

அடுத்தது, மாதமா, காலாண்டா, வருஷமா? மூன்று மாத சீசன் ஒரு மாத விலையைப் போல் 2.7 மடங்கு. ஆறு மாதம் 5.4 மடங்கு. ஒரு வருஷம் 10.8 மடங்கு. வருஷத்துக்கு எடுத்தால் ஏதோ பெரிய தள்ளுபடி என்று தோன்றும். கொஞ்சம் வகுத்துப் பாருங்கள் சார்! மூன்றிலும் அதே 10 சதவீதம்தான். மூன்று மாதத்துக்கே கிடைக்கிற சலுகைக்கு ஒரு வருஷப் பணத்தைக் கொண்டுபோய் எதற்கு முடக்க வேண்டும்? நடுவில் வேலை மாறலாம். டிக்கெட் தொலையலாம். தொலைந்தால் டூப்ளிகேட் கிடையாது. ஆகவே வேலை நிலையாக இருந்தால் காலாண்டு, ஆட்டத்தில் இருந்தால் மாதம். கியூவில் நிற்பதே பிடிக்காது என்பவர்கள் வருஷத்துக்கு எடுத்துக்கொள்ளட்டும்.

சீசன் டிக்கெட் இருந்தால் எந்தப் பெட்டியிலும் ஏறலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ரிசர்வேஷன் பெட்டிப் பக்கம் தலை காட்டக்கூடாது. சூப்பர்ஃபாஸ்ட் வண்டி என்றால் துணைக் கட்டணம் தனி. 150 கிலோமீட்டருக்கு மேல் சீசனே கிடையாது. இன்னொருவர் பெயரில் உள்ளதைக் கடன் வாங்கிப் போகவும் முடியாது, மைத்துனராக இருந்தாலும்!

ஐரோப்பாவிலும் இதே கதைதான். கம்பெனி செலவில் ஜெர்மனி போகிற நண்பர் ஒருவர், வேலை முடிந்து நாலு ஊர் சுற்ற யூரெயில் பாஸ் வாங்கலாமா என்று கேட்டார். ஐரோப்பாவுக்கு வெளியே வசிக்கிறவர்களுக்காக 1959-இல் ஆரம்பித்த பாஸ் அது. ஐரோப்பியர்களுக்கு இன்டர்ரெயில் என்று தனியாக ஒன்று. 1972-இல் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக வந்தது. இப்போது எந்த வயதுக்காரரும் வாங்கலாம். ஒரு மாதத்துக்குள் உங்களுக்கு இஷ்டமான நாலு நாள், ஐந்து நாள், ஏழு நாள் என்று ரயில் ஏறலாம். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் பிரான்ஸிலும் இத்தாலியிலும் அதிவேக ரயிலில் உட்கார இடம் வேண்டும் என்றால் ரிசர்வேஷனுக்குத் தனியாக அழ வேண்டும். ஒரு மாதம் முன்பே தேதியும் ஊரும் முடிவு செய்கிறவருக்குத் தனித்தனி டிக்கெட் பல சமயம் மலிவு. எங்கே போவோம் என்று தெரியாமல் கிளம்புகிறவருக்குத்தான் பாஸ்.

கவனித்தீர்களா? அங்கே பாஸ், திட்டம் இல்லாதவனுக்கு. இங்கே சீசன், மாதத்தில் 25 நாளும் ஒரே ரயிலில் போகிற திட்டம் தப்பாதவனுக்கு!

நம் ரயில்வேயிலும் சுற்றுகிறவர்களுக்கு ஒரு டிக்கெட் உண்டு. வட்டப் பயணச்சீட்டு. புறப்பட்ட ஊருக்கே திரும்ப வேண்டும். நடுவில் எட்டு இடம் வரை இறங்கித் தங்கலாம். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும் என்பதால், துண்டு துண்டாக எடுப்பதை விட லாபம். ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் இடம் தனியாக ரிசர்வ் செய்துகொள்ள வேண்டும்.

சீசனில் இன்னொரு லாபம் உண்டு, பலர் அதைத் தொடுவதே இல்லை. வழியில் எந்த ஸ்டேஷனிலும் இறங்கி ஏறலாம். புதுக்கோட்டை விட்டால் வெள்ளனூர், நார்த்தாமலை, கீரனூர், குமாரமங்கலம். நார்த்தாமலையில் மொட்டைப் பாறைகள் யானைக் கூட்டம் மாதிரி படுத்திருக்கும். அந்தப் பாறை மேல் விஜயாலய சோழீஸ்வரம் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு முந்தின கோயில். பல வருஷமாக தினம் இரண்டு தடவை அதைக் கடந்து போகிற ஒருவரிடம் கேட்டேன். "பார்க்கணும் சார், ரிட்டயர் ஆனதும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை பாசஞ்சரில் போய் இறங்கினால் காலணா செலவில்லை.

இனி என் சித்தப்பா பையன் விஷயம். திருச்சியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை கிடைத்தது. சம்பளம் சுமார்தான். ஆபீஸிலேயே ரூம் பார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்த மேன்ஷன் அறை. சித்தி இல்லை. சித்தப்பாவுக்குச் சர்க்கரை முற்றி, பார்வை மங்கிவிட்டது. காலையும் ராத்திரியும் இன்சுலின் போட வேண்டும். சிரிஞ்சில் கோடு அவர் கண்ணுக்குத் தெரியாது. ஒரு கோடு தப்பினால் ஆபத்து.

"அண்ணே, ரூம் எடுத்துட்டு வாரம் ஒருவாட்டி வரட்டுமா, இல்ல சீசன் எடுக்கட்டுமா?"

"முதல் மாசம் சீசன் வேண்டாம்டா. தினம் டிக்கெட் எடு. எந்தெந்த நாள் ரயில்ல போனே, வந்தேன்னு நோட்டுல எழுது" என்றேன்.

மாசக் கடைசியில் நோட்டு வந்தது. காலையில் ரயில் 22 நாள். சாயந்திரம் ரயில் 9 நாள்தான். மீதி நாள் பஸ். மொத்தம் 31 டிக்கெட். 15-ஐ விட இரண்டு மடங்கு. கணக்குப்படி சீசன் ஜெயித்துவிட்டது. ஆனால் என் கண்ணில் பட்டது அந்த 9. மற்ற 13 நாள் ராத்திரி வீட்டுக்கு வர ஒன்பதரை, பத்து. அதுவரை சித்தப்பா சாப்பிடாமல், ஊசி போடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன்டா லேட்டு?"

"கிளம்பறப்போ சார் இன்னொரு ஃபைலைக் கொடுப்பார்ணே. 'பஸ்தான் ராத்திரி பூரா இருக்கே, அடுத்த பஸ்ல போயேன்'ம்பாரு."

அங்கேதான் விஷயம் இருந்தது. பஸ் எப்போதும் உண்டு. அதனால் பஸ்ஸில் போகிறவனுக்கு ஆபீஸ் எப்போதும் முடியாது. ரயில் ஒன்றே ஒன்று. விட்டால் போச்சு!

மூன்று மாத சீசன் எடுத்தான். மறுநாளே ஆடிட்டரிடம் அதைக் காட்டி, "சார், சாயந்திர வண்டியில நான் போயாகணும். அப்பாவுக்கு ஊசி போடணும். வேணும்னா காலைல முதல் வண்டியில வந்து முடிச்சுக் கொடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டான். அவரும் மனிதர்தானே. சரி என்றுவிட்டார். டாக்ஸ் ஆடிட் நெரிசல் வருகிற செப்டம்பரில் மட்டும், பக்கத்து வீட்டு அக்கா ராத்திரி ஊசிக்கு வருவதாக ஏற்பாடு.

போன தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். லாபக் கணக்கு எவ்வளவு தேறியது என்று பையனிடம் கேட்டேன். அவன் பதில் சொல்வதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்.

"முன்னெல்லாம் ராத்திரி போன் பண்ணி, எப்படா வருவேன்னு கேப்பேன். இப்ப கீரனூர் தாண்டிட்டியாடான்னு கேக்கறேன். ஆமாங்கறான். இலையைப் போட்டுடறேன்."