அத்தையின் அலமாரியும் புளித்தண்ணியும்

கம்பத்தில் எங்கள் வீட்டுச் சமையல்கட்டில் சுவரோடு பதித்த மர அலமாரி ஒன்று உண்டு. கல்யாணமான புதிதில் அத்தை விடிகாலையில் ஜீப் ஏறி, குமுளிக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போய் வந்த கூலியில் செய்தது. நாலு கதவு, எட்டுக் கீல், நாலு குமிழ். பொங்கலுக்குப் பொங்கல் கதவோடு சேர்த்துக் கீலுக்கும் பெயின்ட் அடித்து அடித்து, மரம் எது, கீல் எது என்றே தெரியாது.

போன மாசம் ஒரு கதவு தொங்கிவிட்டது. ஆசாரி வந்து பார்த்தார். "பூராத்தையும் கழட்டிப் போட்ருங்கக்கா, ஸ்டீல்ல மாட்டிருவோம்" என்று 2,500 ரூபாய் கணக்குச் சொன்னார். பையனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டிய மாசம் அது. அதைவிட, அத்தை ஒரு வார்த்தை பேசாமல் எழுந்துபோய்த் திண்ணையில் உட்கார்ந்ததுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

ஃபிரிட்ஜில் கிடந்த காந்தத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஸ்க்ரூவில் 'டக்'கென்று ஒட்டியது, கீலில் ஒட்டவில்லை. ஓரத்தில் லேசாகக் கீறினால் மஞ்சள். அத்தனையும் பித்தளை!

ஸ்க்ரூ தலையில் அடைத்திருந்த பெயின்ட்டை ஊசியால் நோண்டி, சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டதும் முக்கால்வாசி கழன்றன. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத்தான் நினைத்தேன். ஆனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசு பிள்ளைகளுக்கு ஆகாது. வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற சட்டமே 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் கொல்லையில் அடுப்பு மூட்டி, ஓட்டைச் சட்டிக்கு முந்தின நிலையில் இருந்த ஒரு பழைய பாத்திரத்தில் சலவை சோடா போட்டுக் கீல்களைக் கொதிக்க வைத்தேன். அரைமணி நேரத்தில் பெயின்ட் பாலாடை மாதிரி உரிந்து வந்தது. (அந்தப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்காதீர்கள்.)

அப்புறம் நமக்குத் தெரிந்த வேலைதானே? புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, விரலில் தொட்டுத் தேங்காய் எண்ணெய். கதவில் ஸ்க்ரூ ஓட்டைகள் லொடலொடத்துப் போயிருந்தன. மருந்தைக் கிள்ளிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்துச் செருகி, மறுநாள் வரை காயவிட்டு மாட்டினேன். புது ஸ்க்ரூ எல்லாம் சேர்த்து 190 ரூபாய்தான் ஆனது.

ஒரே ஒரு கூத்து. ஒரு கீலைப் புளித்தண்ணியில் மறந்து ராத்திரி பூரா விட்டுவிட்டேன். பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது இல்லையா? புளிப்பு மேலாக இருந்த துத்தநாகத்தை அரித்து, கீல் செம்பு மாதிரி சிவந்துவிட்டது. எவ்வளவு தேய்த்தும் மற்றதோடு சேரவில்லை. பயந்துகொண்டே அதையும் மாட்டினேன்.

அத்தை கிட்டே வந்து, ஒவ்வொரு கீலாகத் தடவிப் பார்த்தார். சிவப்பில் வந்ததும் நின்றார்.

"இது என்னத்தா, வெத்தல போட்டிருக்கு?"

அன்றைக்கே ஏலக்காய் டப்பா பழைய தட்டுக்குத் திரும்பிவிட்டது.